ஹென் டோமென் என்னும் மண்மேட்டுக் கோட்டை



கோட்டை என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? வானளாவிய கருங்கற் சுவர், மூலைதோறும் உருண்டு திரண்ட கொத்தளம், இரும்புப் பட்டம் பிணித்த பெருங்கதவு ஆகியனவே. பள்ளியிலே மாணவரிடம் ஒரு கோட்டையை வரைந்து காட்டுமாறு கேட்டால், அவருட் பெரும்பாலார் கல்லின்மேற் கல்லை அடுக்கியே வரைவர். மண்ணையும் மரத்தையும் வரைபவரைக் காண்டல் அரிது. இதற்கு அவரைக் குறைகூற இயலாது. கல் நிற்கின்றது, மரம் மக்கிப் போகின்றது. நின்றதையே கண்கள் காண்கின்றன. கண்டதையே கை வரைகின்றது.

ஆயினும், ஐரோப்பிய வரலாற்றின் இடைக்காலத்திலே, கற்கோட்டைகள் பெருகுவதற்கு முன்னர், மண்ணாலும் மரத்தாலும் ஆக்கப்பட்ட கோட்டைகளே பல நாடுகளின் தலைவிதியை நிருணயித்தன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். வேல்ஸ் நாட்டின் கீழெல்லையிலே, இங்கிலாந்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் அக்கோட்டையிலே இன்று நிமிர்ந்து நிற்கும் சுவர் ஒன்றேனும் இல்லை. மரங்கள் மண்டிய ஒரு மேடும், அதனருகே புல் படர்ந்த ஒரு முற்றமும், தூர்ந்துபோன அகழிகளுமே எஞ்சியுள்ளன. வேல்ஸ் மக்கள் அதனை ஹென் டோமென் என்று அழைக்கின்றனர். ஹென் என்றாற் பழைய. டோமென் என்றால் மேடு. பழமேடு என்பதே அதன் பொருள்.

இப்பெயரிலே தமிழறிந்தோர்க்குச் சுவை பயக்கும் ஒரு செய்தி உண்டு. வேல்ஸ் மொழியில் மேட்டைக் குறிக்கும் சொல்லின் இயல்பான வடிவம் டோமென் அன்று. தோமென் என்பதுபோல வல்லோசையுடன் தொடங்குவதே அதன் வடிவம். முன்னே ஒரு சொல் வந்து சேரும்போது முதலெழுத்தின் ஓசை மென்மையுற்று மாறுகின்றது. நம் மொழியிற் புணர்ச்சியால் எழுத்துத் திரிவது போன்றதே இதுவும். இன்னொன்று: அச்சொல் மேட்டை மட்டுமன்றி, எருக்குவியலையும் குப்பை மேட்டையும் குறிக்கும். பிரபு ஒருவன் பெருமிதத்தோடு எழுப்பிய அரணைப் பிற்காலத்து உழவர் இச்சொல்லாலேயே வழங்கினர் என்பதை நினைவிற் கொள்வோமாக.

முதலில் இடத்தை நோக்குவோம். வேல்ஸ் மலைகளிலே பிறந்து கிழக்கு நோக்கி இங்கிலாந்துக்குள் இறங்கும் பேராறு செவர்ண். மலைநாட்டிலிருந்து சமவெளிக்கும், சமவெளியிலிருந்து மலைநாட்டுக்கும் செல்வோர்க்கு அவ்வாற்றின் பள்ளத்தாக்கே இயற்கை வகுத்த பாதை. மொண்ட்கொமரி என்னும் சிற்றூரின் அயலிலே, மக்களும் மாடுகளும் இறங்கிக் கடக்கத்தக்க ஆழமற்ற துறை ஒன்று அவ்வாற்றில் உண்டு. ரிட் ஹ்விமா என்பது வேல்ஸ் மொழியில் அதன் பெயர். அத்துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவிலே, அதனைக் கண்காணிக்கும் நிலையில் அமைந்திருப்பதே நாம் பேசும் மண்மேடு.

அத்துறையின் அருமையை அறிந்தவர் இக்கோட்டையைக் கட்டியவர் மட்டுமல்லர். சுற்றிலும் சில மைல் தூரத்துக்குள்ளே காலந்தோறும் எழுந்த அரண்கள் பல உள. ஊருக்கு மேலே உள்ள குன்றிலே, கிறிஸ்துவுக்கு முற்பட்ட இரும்புக்கால மக்கள் அமைத்த ஃப்ரித் வால்ட்வின் என்னும் மலையரண் இருக்கின்றது. ஆற்றங்கரையிலே றோமர் அமைத்த படைக்கோட்டையின் தடம் ஃபோர்டன் என்னும் ஊரருகே கிடக்கின்றது. ஊருக்குக் கிழக்கே, எட்டாம் நூற்றாண்டில் மேர்சிய நாட்டு மன்னன் ஒஃபாவின் பெயரால் வழங்கும் நெடும் மண்ணணை வடக்கும் தெற்குமாக ஓடுகின்றது. ஒரே துறை, அதனைக் காக்கவும் அடைக்கவும் முயன்றவரோ பலர். இவ்வரிசையில் வந்த நோர்மனியரின் கதையே ஹென் டோமெனின் கதை.

1066 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14 ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தின் அரசனானான். நாட்டை வென்ற அவனுக்கு மேற்கெல்லை பெருங்கவலையாயிற்று. அங்கே வேல்ஸ் மன்னர் பலர் தத்தம் மலைநாடுகளில் ஆண்டனர்; ஒருவரை வென்றால் மற்றவர் எழுவர். ஆகவே வில்லியம் தன் நம்பிக்கைக்குரிய மூவரை எல்லையில் நிறுத்தினான். வடக்கே செஸ்டரிலும், நடுவே ஷ்ரூஸ்பரியிலும், தெற்கே ஹெரிபோட்டிலும் அம்மூவரும் ஏர்ல் என்னும் பெரும் பட்டத்தோடு அமர்ந்தனர். நடுவிடம் பெற்றவன் ரோஜர். அவன் பிறந்த குடிக்கு உரிய ஊர் நோர்மண்டியிலுள்ள மொண்ட்கொமரி.

ரோஜர் எல்லைக்கு வந்ததும் செய்த பணிகளுள் ஒன்று, செவர்ண் ஆற்றுத் துறையை நோக்கி ஒரு கோட்டை எழுப்பியமையாகும். அது 1070 களின் முற்பகுதியில் நிகழ்ந்தது என்பர் அறிஞர். தான் விட்டு வந்த ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினான். 1086 ஆம் ஆண்டில் வில்லியத்தின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு நூல், ரோஜர் கட்டிய அக்கோட்டையை மொண்ட்கொமரி என்ற பெயராலேயே குறிக்கின்றது.

அக்கோட்டை எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை இனிக் காண்போம். இவ்வகைக் கோட்டைக்கு இரண்டு உறுப்புகள். ஒன்று, மொட் எனப்படும் உயர்ந்த மண்மேடு. மற்றொன்று, பெய்லி எனப்படும் முற்றம். முதலில் வட்டமாக ஆழ்ந்த அகழி ஒன்றை வெட்டுவர். வெட்டிய மண்ணை உள்ளே குவித்து, அடுக்கடுக்காக இறுக்கி மேடாக்குவர். அகழி ஆழ ஆழ மேடு உயரும். ஒரே உழைப்பில் இரண்டு காவல்கள் கிட்டும். மேட்டின் உச்சியைச் சமமாக்கி, அதன் விளிம்பிலே மரவேலி நாட்டி, நடுவே மரத்தாலான கோபுரம் நிறுத்துவர். மேட்டின் அடியிலே முற்றம். அதனைச் சுற்றியும் மண்ணணையும் மரவேலியும் அகழியும் உண்டு. முற்றத்தினுள்ளே பிரபுவின் பெருங்கூடம், வீரர் தங்கும் மனைகள், குதிரை இலாயம், தானியக் களஞ்சியம், சமையற்கூடம், கொல்லன் பட்டறை, வழிபாட்டுக்குரிய சிறுகோவில் முதலியன அமையும். முற்றத்திலிருந்து மேட்டின் உச்சிக்குச் சரிந்து ஏறும் மரப்பாலம் ஒன்று அகழியைக் கடந்து செல்லும். முற்றம் பகைவர் கைப்பட்டால், எஞ்சியோர் பாலத்தின் வழியே உச்சிக்கு ஏறி இறுதிவரை போர்புரிவர்.

இது வெறும் ஊகமன்று. ஹேஸ்டிங்ஸ் போரின் வரலாற்றைச் சித்திரிக்கும் பேயோ நகரத் துகிலோவியத்திலே, தொழிலாளர் மண்வெட்டிகளோடு ஹேஸ்டிங்ஸில் மேடு எழுப்பும் காட்சி ஊசி வேலையாகத் தைக்கப்பட்டுள்ளது. அதே துகிலில், பிரித்தனி நாட்டு டினான் நகரின் மேட்டரணுக்குப் படைவீரர் தீப்பந்தத்தால் எரியூட்டும் காட்சியும் உண்டு. இக்கோட்டைகளின் வலிமையும் மெலிவும் இவ்விரு காட்சிகளிலே அடங்கிவிட்டன. கற்கோட்டை எழுப்ப ஆண்டுகள் பல செல்லும். கைதேர்ந்த கற்றச்சர் வேண்டும். மண்மேட்டுக்கோ வேண்டுவன மண்ணும், காட்டு மரமும், ஏவல் கேட்கும் கைகளுமே. சில மாதங்களுள் கோட்டை எழுந்துவிடும். ஆனால், மரம் எரியும், எரியாவிடினும் மக்கும்.

ஏவல் கேட்கும் கைகள் என்றேன். அக்கைகள் யாருடையவை? ரோஜரின் பெயரை நூல்கள் சொல்கின்றன. மண் சுமந்தவரின் பெயரை எந்நூலும் சொல்லவில்லை. நோர்மனியர் கோட்டை எழுப்பிய இடங்களிலே அயலிலுள்ள குடிமக்களை அழைத்துக் கட்டாய உழைப்பு வாங்கினர் என்பது அக்காலத்து வரலாற்றாசிரியர்களின் முறைப்பாடுகளிலிருந்து தெளிவாகின்றது. தம்மை அடக்குவதற்கான அரணைத் தம் கையாலேயே எழுப்பவேண்டிய நிலை எத்துணைக் கொடிது! மண்மேட்டுக் கோட்டையின் முதற்பயன் போர் அன்று, அச்சமே. சமவெளியில் உழுதுகொண்டிருப்பவன் தலைநிமிர்ந்த போதெல்லாம் மேட்டின்மேல் நிற்கும் கோபுரம் அவன் கண்ணிற் படவேண்டும். தன்னை ஒருவன் எப்பொழுதும் பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்ற எண்ணம் அவன் நெஞ்சில் ஊறவேண்டும். அதுவே பிரபுவின் நோக்கம்.

ஆயினும் அச்சம் நெடுங்காலம் நிலைபெறுவதில்லை. 1094 ஆம் ஆண்டில் ரோஜர் இறந்தான். அவன் மகன் ஹியூ பட்டத்துக்கு வந்தான். அக்காலத்தில் வேல்ஸ் மக்கள் நோர்மனியருக்கு எதிராக எங்கும் கிளர்ந்தெழுந்தனர். 1095 ஆம் ஆண்டிலே மொண்ட்கொமரிக் கோட்டையை அவர்கள் உடைத்து உட்புகுந்து, காவலிருந்த ஹியூவின் ஆட்களைக் கொன்றனர். இச்செய்தியை ஆங்கிலோ சாக்சனியர் ஆண்டுக் குறிப்பு பதிந்து வைத்துள்ளது. சினங்கொண்ட அரசன் இரண்டாம் வில்லியம் பெரும்படையுடன் வேல்ஸுக்குள் புகுந்து, வடக்கே ஸ்னோடன் மலை வரையிற் சென்றான். வேல்ஸ் மக்களோ மலைகளுக்குள்ளும் காடுகளுக்குள்ளும் மறைந்துவிட்டனர். எதிர்த்து நிற்பவரைக் காணாத படை, பயனேதும் இன்றித் திரும்பிற்று. கோட்டைகளால் நிலத்தைப் பிடிக்கலாம். மக்களைப் பிடித்தல் அத்துணை எளிதன்று என்பதை அரசன் அன்று அறிந்திருப்பான்.

ஹியூ 1098 ஆம் ஆண்டில் ஆங்கிள்சித் தீவின் கரையிலே, நோர்வே மன்னன் மக்னஸ் கப்பற்படையோடு வந்தபோது அம்புபட்டு மாண்டான். அவனுக்குப் பின் வந்த தமையன் ரொபேட், 1102 ஆம் ஆண்டில் அரசன் முதலாம் ஹென்றிக்கு எதிராகக் கலகம் விளைத்துத் தோற்று, இங்கிலாந்திலுள்ள தன் உடைமைகள் அனைத்தையும் இழந்து நாடுகடத்தப்பட்டான். முப்பது ஆண்டளவிலேயே ரோஜரின் குடி எல்லையைவிட்டு நீங்கிற்று. கோட்டையைப் போல்ட்வின் என்னும் மற்றொரு பிரபுவுக்கு ஹென்றி அளித்தான். அவன் குடியினர் ஏறக்குறைய நூறாண்டு அங்கே வாழ்ந்தனர்.

இங்கேயும் பெயரின் விந்தையைக் காண்கின்றோம். ஆங்கிலேயர் அவ்வூரை இன்றும் மொண்ட்கொமரி என்றே அழைக்கின்றனர். வேல்ஸ் மொழியிலோ அதன் பெயர் ட்ரெவால்ட்வின். ட்ரெவ் என்றால் ஊர்; போல்ட்வின் என்பதன் முதலெழுத்து முன்சொன்ன புணர்ச்சியாலே திரிந்து வால்ட்வின் ஆயிற்று. போல்ட்வினூர் என்பது பொருள். ஆங்கில மொழி முதல்வனின் ஊரை நினைவு வைத்தது. வேல்ஸ் மொழி தம்மோடு நூறாண்டு அயலாக வாழ்ந்த குடியின் முன்னோனை நினைவு வைத்தது. மொண்ட்கொமரி என்னும் பெயர், ஊரினதாகவும் குடியினதாகவும், பின்னர் உலகெங்கும் பரந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் அப்பெயர் கொண்ட படைத்தலைவர் ஒருவராலே அப்பெயர் பெற்றது. பஞ்சாபின் ஆட்சியாளர்களுள் ஒருவராயிருந்த ரொபேட் மொண்ட்கொமரியின் பெயரைத் தாங்கிய பஞ்சாப் நகரம் இன்று பாகிஸ்தானில் சாகிவால் என வழங்குகின்றது.

மீண்டும் வேல்ஸுக்கு வருவோம். வெல்லப்பட்டவர், வென்றவரின் கலையைக் கற்றுக்கொள்வது வரலாற்றில் நாம் அடிக்கடி காணும் காட்சி. வேல்ஸ் தலைவர்களும் அவ்வாறே மேடு எழுப்பக் கற்றனர். 1116 ஆம் ஆண்டில் மெரியொனெத் பகுதியிலே கைமெர் என்னுமிடத்தில் உக்ட்ரிட் என்னும் வேல்ஸ் தலைவன் கோட்டை ஒன்றைக் கட்டினான் என்றும், அவனோடு முரண்பட்ட தன்னின மக்களே அதனை எரித்தனர் என்றும் வேல்ஸ் ஆண்டுக் குறிப்புகள் கூறும். ஆகவே இன்று வேல்ஸ் நாட்டிலே நூற்றுக்கணக்கிற் காணப்படும் மண்மேடுகள் அனைத்தும் நோர்மனியர் எழுப்பியவை என்று கொள்ளுதல் பிழை. அவற்றுட் சில பிற்காலத்திலே கற்கோட்டைகளாகவும் மாறின. கார்டிஃப் நகரக் கோட்டையிலே உயர்ந்த மேட்டின் உச்சியில் மரக்கோபுரம் இருந்த இடத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே கல்லரண் எழுந்தது. அதனை இன்றும் காணலாம்.

ஹென் டோமெனுக்கு அப்பேறு கிட்டவில்லை. அல்லது, கிட்டாமையே அதன் பேறாயிற்று. 1223 ஆம் ஆண்டிலே, வட வேல்ஸின் பெருவேந்தன் லுவெலின் ஆப் யோர்வெர்த்தின் வலிமைக்கு அஞ்சிய அரசன் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியாளர், எல்லையில் வலிய கற்கோட்டை ஒன்றை எழுப்ப முடிவு செய்தனர். பழைய மேட்டின்மேற் கல்லேற்றாமல், ஒரு மைல் தள்ளித் தெற்கே உயர்ந்த பாறைமுகட்டைத் தெரிந்தெடுத்தனர். அங்கே எழுந்ததே புதிய மொண்ட்கொமரிக் கோட்டை. அதன் அடியிலே புதிய ஊர் பிறந்து, 1227 ஆம் ஆண்டில் அரச சாசனமும் பெற்றது. பெயரும் பெருமையும் பாறைமுகட்டுக்கு ஏறின. கீழேயுள்ள மரக்கோட்டை பெயரிழந்து, துறையை நோக்கும் காவற்சாவடியாகச் சிலகாலம் உதவிப் பின்னர் கைவிடப்பட்டது.

கைவிடப்படுமுன் அதன் அயலிலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே விரித்துரைத்தல் வேண்டும். 1267 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 29 ஆம் நாள், மூன்றாம் ஹென்றி அரசனும், முன்சொன்ன லுவெலினின் பேரனான லுவெலின் ஆப் கிரிஃபித்தும் மொண்ட்கொமரித் துறையிலே சந்தித்தனர். பாப்பரசரின் தூதர் ஒட்டொபூனோ இடைநின்று இணக்கிய உடன்படிக்கை அங்கே உறுதிப்படுத்தப்பட்டது. லுவெலினை வேல்ஸ் நாட்டின் இளவரசன் என்று ஆங்கிலேய அரசன் ஏற்றுக்கொண்டான். லுவெலின் அரசனுக்கு அடங்கி வணக்கம் செலுத்தினான். 25,000 மார்க் பணம் தவணை முறையில் இறுக்கவும் இசைந்தான். ஆங்கிலேய முடி ஒரு வேல்ஸ் மன்னனை அப்பட்டத்தோடு ஏற்றது அதுவே முதன்முறை.

நேயர்களே, அச்சந்திப்பு எங்கே நிகழ்ந்தது என்பதைக் கவனியுங்கள். பாறைமுகட்டுக் கற்கோட்டையின் உள்ளே அன்று. பழைய மண்மேட்டின் உச்சியிலும் அன்று. ஆற்றுத்துறையிலே நிகழ்ந்தது. ஒருவன் மற்றவன் வாசலுக்குச் சென்று தலைகுனியாமல், இருவரும் தத்தம் எல்லையிலிருந்து இறங்கிவந்து சந்திக்கத்தக்க பொதுவிடம் அதுவே. இரு நாட்டாரும் வழக்குகளைப் பேசித் தீர்க்க அத்துறையிலே கூடுவது முன்பிருந்தே மரபாயிருந்தது. எந்தத் துறையை அடைப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக மண்ணும் கல்லும் குவிக்கப்பட்டனவோ, அந்தத் துறையே இரு மக்களும் முகம் பார்த்துப் பேசும் இடமாயிற்று.

அந்த அமைதி நீடிக்கவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. அடுத்த அரசன் முதலாம் எட்வேட்டுக்கும் லுவெலினுக்கும் பகை மூண்டது. செவர்ண் பள்ளத்தாக்கிலே மொண்ட்கொமரிக்குச் சில மைல் மேலே லுவெலின் எழுப்பிய டொல்வோர்வின் கோட்டை 1277 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1282 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11 ஆம் நாள் லுவெலின் போரிற் கொல்லப்பட்டான். வேல்ஸின் தன்னாட்சி அத்தோடு வீழ்ந்தது. எல்லை எல்லையாக இராதொழிந்தபின், அதனைக் காக்க ஒரு மரச்சாவடி எதற்கு? ஹென் டோமெனின் மரங்கள் மக்கின, வேலிகள் சாய்ந்தன, அகழிகள் தூர்ந்தன. அக்கற்கோட்டையும் என்றும் நிலைத்திருக்கவில்லை. உள்நாட்டுப் போரின்போது 1644 ஆம் ஆண்டில் அதனருகே பெரும்போர் நிகழ்ந்தது. 1649 ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் ஆணையால் அது இடிக்கப்பட்டது.

இவ்வாறு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்த மண்மேட்டை எழுப்பியவர் ஒரு போர்வீரரும் அல்லர், அரசரும் அல்லர். பிலிப் பார்க்கர் என்பவர். அவர் ஒரு காலத்தில் பள்ளியிலே சித்திரம் கற்பித்த ஆசிரியர்; பின்னர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே தொல்லியல் போதித்தவர். 1960 ஆம் ஆண்டில் அவர் ஹென் டோமெனில் அகழாய்வைத் தொடங்கினார். பின்னர் ரொபேட் ஹையம் என்னும் அறிஞரும் உடன் சேர்ந்தார். கோடைதோறும் மாணவரும் ஆர்வலரும் வந்து உதவ, அப்பணி 1992 ஆம் ஆண்டு வரை முப்பது ஆண்டுக்கு மேலாக நடந்தது. அவ்வளவு காலம் தோண்டியும் அவர்கள் முழுக் கோட்டையையும் தோண்டிவிடவில்லை. ஒரு பகுதியையே ஆராய்ந்தனர். அத்துணைப் பொறுமை!

அப்பொறுமைக்குக் காரணம் உண்டு. அக்காலத்துத் தொல்லியலாளர் பலர் ஒடுங்கிய நீள்குழிகளை வெட்டிப் பார்ப்பர். குழியில் ஒரு கற்சுவர் குறுக்கிட்டால் அதனைத் தொடர்வர். மரக்கட்டடத்துக்கு இம்முறை உதவாது. மரம் மக்கியபின் எஞ்சுவது என்ன? தூண் நாட்டிய குழியிலே மண்ணின் நிறம் சற்றே கருத்திருக்கும். கிடையாக அடிமரம் இட்டிருந்தால், அங்கே ஒரு மெல்லிய கோடு தெரியும். தூணும் நாட்டாமல் நிலத்தின்மேலேயே எழுப்பிய மனையாயின், சிறுகற்கள் பரவியிருக்கும் பாங்கிலே மட்டும் ஒரு வேறுபாடு காணப்படும். இவற்றைக் காண வேண்டுமாயின், பரந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒருசேரத் திறந்து, சிறுகரண்டியால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி, ஒவ்வொரு கல்லையும் படத்தில் வரைந்து, பின்னரே அடுத்த படைக்கு இறங்கவேண்டும். சித்திரம் பயின்ற கண் இங்கே பெருந்துணை செய்திருக்கும் என்று நான் எண்ணுகின்றேன். இம்முறையையே பார்க்கர் ரொக்சிட்டர் என்னும் றோமர் நகரத்திலும் கையாண்டு, இடிபாட்டுக் குவியலின்மேல் எழுந்த பிற்கால மரக்கட்டடங்களைக் கண்டறிந்தார்.

ஹென் டோமெனின் மண் சொன்ன செய்திகள் மூன்றினை மட்டும் எடுத்துரைப்பேன்.

முதலாவது: மண்மேட்டுக் கோட்டையின் முற்றம் வெறும் வெளியாக இருந்தது என்று பலர் கருதியிருந்தனர். அகழாய்வோ, முற்றம் முழுவதும் மனைகள் நெருங்கி நின்றமையைக் காட்டிற்று. ரோஜரின் காலத்திலே மேட்டின் அடியிலே பெரிய கூடம் ஒன்று நின்றது. போல்ட்வின் குடியினர் காலத்திலே சிறுமனைகள் பல தோள் உரசி நின்றன. பழையது மக்க அல்லது எரிய, அவ்விடத்திலேயே புதியது எழுந்தது. மேட்டுக்கு ஏறும் பாலமும் ஒருமுறை கட்டி முடிந்ததன்று; ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாலங்கள் அதே அகழியில் அமைந்தன. ஆகவே மரக்கோட்டை என்பது ஒருநாட் கூடாரமன்று. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக மக்கள் வாழ்ந்து, செப்பனிட்டு, மீளக் கட்டிய வாழிடம்.

இரண்டாவது: அங்கே செல்வச் சிறப்பு மிகக் குறைவு. பெருங்குடிப் பிரபுக்களின் அரண் அன்றோ, பொன்னும் மணியும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்போம். கிடைத்தவையோ பெரும்பாலும் மட்கல ஓடுகளும் இரும்புத் துண்டுகளும் அன்றாட வாழ்வின் எச்சங்களுமே. அச்சத்தை விதைத்தவரும் குளிரிலும் சேற்றிலும் புகையிலும் நெருக்கடியிலும் காலங்கழித்தனர். மேட்டிலிருந்து கீழே நோக்கியவனும் அஞ்சியே வாழ்ந்தான். 1095 ஆம் ஆண்டை அவன் மறந்திருக்க முடியாது.

மூன்றாவது செய்தியே என் நெஞ்சை மிகவும் தொட்டது. கோட்டையின் மண்ணணைக்கு அடியிலே, ரோஜர் வருமுன் இருந்த பழைய நிலப்பரப்பைத் தொல்லியலாளர் கண்டனர். அங்கே ஏர் உழுத சால்களும் வரப்புகளும் அலையலையாக அப்படியே பதிந்து கிடந்தன. டூம்ஸ்டே நூல், அப்பகுதி பாழாய்க் கிடந்ததென்றும், முன்னைய சாக்சனியப் பிரபுக்கள் அதனை வேட்டைக்காடாகக் கொண்டிருந்தனர் என்றும் கூறுகின்றது. அந்நூலை மட்டும் படித்தவர், அது என்றுமே ஆளில்லாக் காடு என்று எண்ணுவர். ஆனால் மண்ணோ, அதற்கும் முன்னே அங்கே ஓர் உழவன் இருந்தான், அவன் ஏர் பூட்டினான் என்று சாட்சி சொல்கின்றது. எல்லைப் போர்கள் அவனை விரட்டியிருத்தல் கூடும். அவன் பெயரை எவரும் எழுதவில்லை. அவனுடைய வயலைக் காத்துத் தந்தது, அதன்மேல் ஏறி அமர்ந்த பிரபுவின் மண்ணணையே. அடக்க வந்த அரண், தான் அறியாமலே, எளியவனின் சுவட்டை ஒன்பது நூற்றாண்டு பொதிந்து வைத்தது.

இந்த ஆராய்ச்சியின் நிறைவான அறிக்கை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலே பார்க்கர் மறைந்தார். மர அரண்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் கணிசமான பகுதி, அச்சிறு மேட்டிலே அவரும் அவருடைய தோழரும் முழந்தாளிட்டு உழைத்ததன் பயனாகும். ஹென் டோமென்மீது பிற்காலத்தார் கல்லேற்றிக் கட்டாமையாலேயே அவ்வுழைப்புக்கு இடம் கிடைத்தது. கைவிடப்பட்டமையே அதன் பேறு என்று முன்னர் நான் கூறியதன் பொருள் இதுவே.

இன்று அங்கே செல்பவர் காண்பது மிகச் சிறிது. மரங்கள் நிழல் செய்யும் ஒரு மேடு, புல்வெளி, பள்ளமாய்த் தெரியும் அகழி. வழிப்போக்கர் பலர் திரும்பியும் பாராமற் செல்லக்கூடிய இடம். ஆனால், வரலாறு பயில்வோர்க்கு அம்மேடு ஒரு பாடம். நிமிர்ந்து நிற்பதையே கண்டு இதுதான் கடந்தகாலம் என்று துணிந்துவிடுவோமானால், கல்லிலே கட்டக்கூடிய செல்வரின் கதையை மட்டுமே கற்றவராவோம். மரத்திலும் மண்ணிலும் வாழ்ந்த பெருந்தொகையினரின் கதை நிலத்துக்கு அடியிலே, கருத்த மண்ணின் ஒரு வட்டமாகவும், சிறுகற்களின் ஒரு வரிசையாகவும் கிடக்கின்றது. அதனைக் காண்பதற்கு வேண்டுவன பெரும் பொருளோ படையோ அல்ல. குனிந்து பார்க்கும் பணிவும், அவசரப்படாத கண்ணுமே.

அரண் கட்டியவரின் குடிகள் மாறின. அரசுகள் மாறின. பாறைமுகட்டுக் கற்கோட்டை இடிபாடாய்க் கிடக்கின்றது. செவர்ண் ஆறோ இன்றும் அப்பள்ளத்தாக்கிலே ஓடிக்கொண்டிருக்கின்றது. பகைவரை மறிக்க எழுந்த மேட்டுக்கும், பகைவர் கூடிப் பேசிய துறைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மைல்தான். அந்த ஒரு மைலைக் கடப்பதற்கு இரு நாட்டாருக்கும் இருநூறு ஆண்டு சென்றது. இதனை இளைஞர் மனங்கொள்வார்களாயின், ஹென் டோமென் வீணே கிடக்கவில்லை என்று அமைதி கொள்வேன்.